நாடகத்துக்குப் போன கிடா

முந்தின வருஷம் பஞ்சு ஆட்டின் தலை மேடையிலேயே கழன்றுவிட்டது. அந்த ஆட்டைத் தைத்தவள் நான். பழைய போர்வைத் துணிக்குள் இலவம்பஞ்சைத் திணித்து, கறுப்புக் காகிதத்தைச் சுருட்டிக் கொம்பு வைத்திருந்தேன். தகப்பன் வேஷம் கட்டியிருந்த என் வீட்டுக்காரர், மகனுக்குப் பதிலாகச் சர்வேசுரன் காட்டிய ஆட்டை அழுதுகொண்டே இரண்டு கையாலும் தூக்கினார். உடம்பு மட்டும் கையோடு வந்தது. தலை புதருக்குள்ளேயே நின்று சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கோயில் மைதானத்தில் எழுந்த சிரிப்பு அடங்கவே இல்லை. பின்னால் வந்த சிலுவைப்பாடு காட்சியிலும் யாரோ ஒருவர் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு நாகல் நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நாள் முழுக்கச் சேலையை விரித்துக் காட்டி, மடித்து வைத்து, மறுபடி விரிப்பது. ஈஸ்டரை ஒட்டி எங்கள் கோயிலில் போடும் பாஸ்கா நாடகம்தான் அவருக்கு மற்ற பதினொரு மாதத்தையும் தாங்க வைத்தது. சேசுவின் பாடுகளின் கதைக்கு முன்னால் ஒரு சின்ன முன்காட்சி உண்டு. மகனைப் பலி கொடுக்க மலையேறும் தகப்பன், ஓங்கிய கை, வானத்திலிருந்து வந்து தடுக்கும் தேவதூதரான சம்மனசு, முட்புதரில் கொம்பு மாட்டி நிற்கும் கிடா. அந்தக் காட்சியை எழுதியவரும் அவர்தான், நடித்தவரும் அவர்தான். சனம் சிரித்ததை அவர் ஒரு வருஷம் முழுக்க மறக்கவில்லை. அடுத்த தவக்காலம் பிறந்த அன்றைக்குச் சொன்னார்.

“இந்தத் தடவை உசிருள்ள கிடாதான். பொம்மைய வச்சாச் சனம் பொம்மையத்தான் பாக்குது.”

எனக்கு அப்போதே கவலை தொடங்கிவிட்டது. எனக்கு எதற்கும் கவலை வரும். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கு மேல் படித்திருந்தால் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரிக்கத் தெரிந்திருக்குமோ என்னவோ. எனக்கு எல்லாம் ஒன்றாகவே வரும். கிடா மேடையில் மூத்திரம் பெய்தால் என்ன செய்வது, காகிதப் பூவைத் தின்று செத்துப்போனால் என்ன செய்வது, கூட்டத்தில் எவனாவது அவிழ்த்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். நடந்தது மட்டும் என் எண்ணத்தில் இல்லை.

கிடா எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பாய்க்குத் தோல் மண்டியில் வியாபாரம். அவர் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதனால் என் வீட்டுக்காரரும் பாயும் ஒருவரை ஒருவர் சகலை என்று கேலியாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் அதைக் கேட்டுக் குழம்பிப் போவதில் இரண்டு பேருக்கும் ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து சில வாரத்தில் பக்ரீத் வந்தது. அக்கா ஒரு செம்மறிக்கிடாவைக் குட்டியிலிருந்து வளர்த்து வந்தாள். அதுவரை பெருநாளன்று பலி கொடுக்கும் குர்பானிக்குக் கடைசி நேரத்தில் சந்தையில் வாங்குவதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். தன் கையால் வளர்த்த உருப்படியைக் கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்கு வெகுநாள் ஆசை. பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னால் பழகிய பேச்சாக இருக்கும். ஆனால் அவளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் பொய்யாகவும் இருக்காது. குஜிலியம்பாறைப் பக்கமிருந்து வரும் கடலைக்கொடியை வண்டிக்காரரிடம் சொல்லி வைத்து வாங்குவாள். அப்பு என்று கூப்பிட்டால் அது எங்கிருந்தாலும் தலையைத் தூக்கும். வேறு யார் இழுத்தாலும் ஓர் அடி நகராது. கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து காதைச் சுற்றி முன்னால் வந்திருந்தன. அவற்றுக்கு அவள் எண்ணெய் தடவி விடுவாள்.

“இம்புட்டுப் பிரியமா வளத்துட்டு எப்படிக்கா கொடுப்ப?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“பிரியமில்லாததக் கொடுத்தா அது என்னத்தா கொடுக்கிறது?” என்றாள்.

அதைக் கேட்டு எனக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது.

கிடாவைக் கேட்டது என் வீட்டுக்காரர். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பாயிடம் கேட்டார். நான் உள்ளே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குர்பானிக்கு என்று மனதில் வைத்துவிட்ட உருப்படியை வேறு வேலைக்கு விடலாமா என்று அக்கா இழுத்தாள். அதற்கு இவர் சொன்னதுதான் எல்லாரையும் மடக்கிவிட்டது. வேறு கதையா இது, உங்கள் பெருநாளே இந்தக் கதைக்குத்தானே, அந்தத் தகப்பன், அந்த மகன், அந்தக் கிடா, எங்கள் வேதத்தில் மகன் பெயர் ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று, அவ்வளவுதானே வித்தியாசம் என்றார். பாய் சிரித்துவிட்டார்.

“அப்ப எங்க கெடாவுக்கு ஒத்திகை பாத்துட்டு வந்த மாதிரி ஆச்சு. கூட்டிட்டுப் போங்க, சகலை.”

அக்காவும் சிரித்தாள். யோசித்துப் பார்த்தால், அந்தப் பேச்சில் தப்பு எங்கே இருந்தது என்று இன்றைக்கும் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. கதை ஒன்றுதான். கிடாவும் அதற்கென்றே வளர்ந்ததுதான்.

ஆனாலும் எனக்கு மனசின் அரிப்பு நிற்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடமே கேட்டேன். உயிருள்ள வாயில்லாச் சீவனை வேடிக்கைக்கு மேடையில் கட்டி வைப்பது பாவமா என்று. கூண்டுக்குள்ளிருந்து, நீ ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுவாயா என்று கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். அப்புறம் என்ன கேள்வி என்றார். சேசுவே கழுதை மேல் ஏறித்தான் ஊருக்குள் வந்தார், கழுதையிடம் கேட்டா ஏறினார் என்றும் சொன்னார். நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னாரா, வேறு எதற்கோ சொன்னாரா என்று தெரியாமல் அபராதச் செபத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் கழுதை ஞாபகமாகவே இருந்தது.

ஒத்திகை கோயிலை ஒட்டிய மைதானத்தில் சாயந்திரம் நடக்கும். கிடா யாரோடும் வராது என்பதால் அக்காதான் கூட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. மேடையில் இலந்தை முள்ளைக் குவித்துப் புதர் செய்திருந்தார்கள். புதருக்கு நடுவே ஒரு குச்சியை ஊன்றி, கிடாவின் கொம்பைக் கயிற்றால் அதில் கட்டினார்கள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புதருக்குப் பின்னால், சனத்துக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அது அவளுடைய கையை நக்கிக்கொண்டே நிற்கும். தகப்பன் கத்தியை ஓங்கும்போதும் அசை போடும். சம்மனசு வேஷம் போட்டவர் பாடும்போதும் அசை போடும்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. சம்மனசு வேஷக்காரர், “உங்க நடிப்பப் பாத்து அதுக்குத் தூக்கம் வருது” என்று வேறு சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஆற்றாமையாகப் பேசினார். முள்ளில் மாட்டிக்கொண்ட கிடா அல்லவா அது, தவிக்க வேண்டாமா, இது என்னவோ மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி நிற்கிறதே என்றார். இதற்குப் பஞ்சு ஆடே தேவலை என்றார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. சும்மா நின்றால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

நாடகத்தன்று பொழுது சாயும்போதே மைதானம் நிறைந்துவிட்டது. கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தெருவிலிருந்து பாய் வீட்டு உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். கிடாவைக் கொண்டுவந்து கட்டிய பிறகு, அக்கா வழக்கம்போலப் புதருக்குப் பின்னால் போகப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஓடிவந்து தடுத்தார். மேடைக்குப் பின்னால் இன்றைக்கு ஆம்பிளைக் கூட்டமாக இருக்கிறது, நீங்கள் கிடா கொடுத்தவர்கள், மறைவில் உட்காருவதா என்று சொல்லி, பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அக்கா சின்னாளப்பட்டிச் சுங்கடிச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாற்காலி கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருமை.

மரியாதைக்காகத்தான் அவளை அங்கே உட்கார வைத்தாரா? பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். “மருவாதிக்குத்தான், பின்ன என்னத்துக்கு?” என்பார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் அவருக்கே தெரியாமல் அவருடைய கை வேறு கணக்குப் போடும். அதை அவரும் அறிந்திருக்க மாட்டார், நானும் அறியேன்.

நான் மேடையின் ஓரத்தில், கிழிந்தால் தைக்க ஊசியும் நூலுமாக நின்றிருந்தேன். அங்கிருந்து எல்லாம் பக்கவாட்டில் தெரிந்தது. தகப்பன் மகனைக் கல்லின் மேல் படுக்க வைத்தார். கத்தி மரக்கத்திதான். ஆர்மோனியம் நின்றது. கை ஓங்கியது. அந்த அமைதியில் கிடா தலையைத் தூக்கியது. பின்னால் அக்காவைத் தேடியது, காணவில்லை. முன்னால் பார்த்தது. விளக்கு வெளிச்சம் சனத்தின் மேலும் கொஞ்சம் விழுந்தது என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டது. ஒரு கத்தல் கத்தியது. நான் அதுவரை அது அப்படிக் கத்திக் கேட்டதில்லை.

அக்காவுக்குத் தன்னையறியாமல் குரல் வந்துவிட்டது. “அப்பு, இரு, இரு” என்றாள். சாந்தப்படுத்தத்தான் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் அது முன்னங்காலை ஊன்றி, முழு உடம்பாலும் அவளைப் பார்த்து இழுத்தது. முள் சரிந்தது. தலையை உதறியது, மறுபடி இழுத்தது, மறுபடி கத்தியது. சம்மனசு பாட மறந்து நின்றார். சனத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. யாரோ கை தட்டினார்கள். பிறகு மைதானமே தட்டியது. பெண்கள் பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. நானும் அழுதேன். அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குக் கதையாக இல்லை. அந்தத் தகப்பனும் பையனும் பலியாகப் போகும் சீவனும் உண்மையாகவே அந்த இடத்தில் இருந்தார்கள். இப்படித்தான் நடந்திருக்கும் என்று உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் என் வீட்டுக்காரர் புதரிடம் போனார். கிடாவைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். வசனம் வரவில்லை. கிடாவையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய பஞ்சுத் தாடியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சனம் அந்த மௌனத்துக்கும் தட்டியது. நாங்கள் சாயம் எதுவும் வைத்திருக்கவில்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடது கொம்பின் மேல்கூடு கழன்று கயிற்றோடு குச்சியில் தொங்கியது. உள்ளே இருந்த எலும்பு குருத்துப் போல, ரத்தமாக, தலையிலேயே நின்றது. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஏறிவிட்டாள். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. சுங்கடிச் சேலையின் தலைப்பால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டாள். திரையை இழுத்தார்கள். கீழே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவைத் தாயார் வேஷம் என்று நினைத்துக்கொண்டார்களாம் சிலர். மறுநாள் என்னிடம் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாய் குனிந்து பார்த்தார். அவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை.

“வேரோட போயிருச்சா, மேலாக்கவா?”

குர்பானி உருப்படியில் குறை இருக்கக் கூடாது. கண் குருடு, கால் நொண்டி, காது அறுந்தது எதுவும் ஆகாது. கொம்பு நுனியில் ஒடிந்தால் குற்றமில்லை, வேரோடு போனால் ஆகாது என்று அவர்களுக்குள் கணக்கு. தோல் மண்டியில் நாளெல்லாம் தோலின் ஓட்டையையும் தழும்பையும் பார்த்துப் பழகிய மனுஷர். அந்த எலும்பை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். என் வீட்டுக்காரர் தாடியைக்கூட எடுக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேறு கிடா வாங்கினால் பங்கு போடுகிறேன் என்றார். “குர்பானியில போயிச் சகலை பங்கா” என்று பாய் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பார்த்தார். மேல்கூடு மட்டும் என்றால் பாதகமில்லை, விரிசல் வேர்வரைக்கும் ஓடியிருந்தால் கூடாது, காயம் ஆறட்டும், பெருநாளுக்கு முன்னால் ஒரு தடவை பார்ப்போம் என்றார். இன்னொன்றும் சொன்னாராம். வசதி இல்லாதவன் குர்பானிக்கென்று வைத்த உருப்படிக்குக் குறை வந்தால் அதையே கொடுத்தால் போதும். வசதி உள்ளவன் வேறு வாங்க வேண்டும். இது நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. சரியாகத்தான் கேட்டேனா, சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று தெரியாது. ஆனால் அன்றைக்குப் பாயின் முகம் போன போக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம் தோல் வியாபாரம் படுத்துக் கிடந்தது தெருவுக்கே தெரியும். தான் வசதி இல்லாதவன் என்று அவர் வாயால் சொன்னால் அதே கிடா போதும். அவர் சொல்வாரா?

இனி எல்லாம் அந்தக் கொம்பு எப்படி ஆறுகிறது என்பதில் இருந்தது. நான் தினமும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக்கொண்டு போவேன். அக்கா கிடாவின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் தடவுவேன். ஈ மொய்க்காமல் துணி சுற்றுவேன். சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து செபமாலையை எடுத்தால் கை அப்படியே நின்றுவிடும். எதற்கென்று வேண்டுவது? காயம் நன்றாக ஆற வேண்டும் என்று வேண்டினால், ஆறிய கிடாவை அறுத்துவிடுவார்கள். ஆறக் கூடாது என்று வேண்டினால், அக்கா ஆசைப்பட்டு வளர்த்த காணிக்கை ஆகாது என்று ஆகிவிடும். அது எங்களால் வந்ததாக இருக்கும். மருந்து போடுகிற கை அப்படி வேண்டலாமா? அதற்கு வலிக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். ஆனால் அறுக்கும்போது வலிக்குமே என்று உடனே தோன்றியது. மாதாவே உனக்குத் தெரிந்ததைச் செய் என்று சொல்லிவிட்டுச் சோற்றை வடிக்கப் போய்விட்டேன்.

அக்காவிடம் கேட்டேன், அவள் எதற்குத் துவா செய்கிறாள் என்று. அவள் கிடாவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

“ஆகும்னு சொன்னா அழுவேன். ஆகாதுன்னு சொன்னாலும் அழுவேன். எதுக்குச் சந்தோசப்படுவேன்னு எனக்கே தெரியலத்தா.”

பெருநாள் நெருங்கியபோது ஹஜ்ரத் மறுபடி வந்தார். அதற்குள் நின்றிருந்த எலும்பும் ஆட ஆரம்பித்திருந்தது. அவர் தொட்டதும் ஒரு பக்கம் சாய்ந்தது. வேர்வரைக்கும் விரிசல் என்று சொல்லிவிட்டார். பாய் அடுத்த சந்தையில் ஒரு செவலைக்கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எப்படி வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

பெருநாள் வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கிடந்தன. ஒரே கடலைக்கொடியைத் தின்றன. செவலை நல்ல சாது. ஒற்றைக் கொம்பன் முட்டினால்கூட விலகிப் போகும். அக்கா அதற்குத் தண்ணீர் வைப்பாள், தீனி போடுவாள், ஆனால் தொட மாட்டாள். நான் சில நாள் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். எங்கள் நாடகம் நடக்காமல் இருந்திருந்தால் இது இந்நேரம் எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்குமே என்று நினைப்பேன். உடனே, இல்லை, சந்தைக்கு வந்தது எங்காவது அடுப்புக்குத்தான் போயிருக்கும் என்றும் நினைப்பேன். நாங்கள் ஒன்றைக் காயப்படுத்தினோமா, ஒன்றைக் காப்பாற்றினோமா, ஒன்றைக் கொன்றோமா? மூன்றும் ஒரே நாளில் ஒரே கயிற்றால் நடந்திருக்கிறது. எதற்கு எது ஈடு என்று தெரியவில்லை.

பெருநாளன்று வழக்கம்போல எங்கள் வீட்டுக்குப் பங்கு வந்தது. அக்காவே தட்டில் வைத்துத் துணி மூடிக் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. நான் குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சாமியார் கேட்ட கேள்விக்கு அன்றைக்கும் என்னிடம் அதே பதில்தான்.

அடுத்த தவக்காலம் வந்ததும் என் வீட்டுக்காரருக்கு மறுபடி நாடகம் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு காட்சி எங்கள் கோயிலில் அதற்கு முன்னால் நடந்ததே இல்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பங்குக் கோயில்காரர்கள் எல்லாம் இந்த வருஷம் வரப் போவதாகச் செய்தி. அவர் தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னார். இந்தத் தடவை அப்புவைக் கொம்பில் கட்ட வேண்டாம், கழுத்தில் மெத்தென்ற துணியால் கட்டலாம், அக்காவைப் பின்னாலேயே உட்கார வைக்கலாம், நீ கேட்டால் கொடுப்பாள் என்றார். முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு அவர் சாப்பிடாமல் இருந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அக்காவிடம் போனேன்.

அக்கா முற்றத்தில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை.

“அறுக்கணும்னு கேளு, தாரேன். ஆட்டத்துக்குன்னா தர மாட்டேன்.”

நான் அப்படியே திரும்பி வந்து அதே சொல்லை இவரிடம் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். அறுக்கிறதவிடவா செத்த நேரம் கட்டி வைக்கிறது பெரிசு என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அக்கா சொன்னபோது நான் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன், ஏதோ விளங்கிவிட்ட மாதிரி. என்ன விளங்கியது என்று அவருக்குச் சொல்லப் பார்த்தேன். அறுக்கும்போது யாரும் கை தட்ட மாட்டார்கள் என்றேன். தட்டினால் என்ன, தட்டாவிட்டால் என்ன, கிடாவுக்கு இரண்டும் ஒன்றுதானே என்றார். அறுப்பது ஆண்டவன் பொருட்டு, ஆடுவது நம்முடைய பொருட்டு என்றேன். அறுத்துச் சாப்பிடுவது யார் பொருட்டு என்றார்.

கடைசியில் பாய்தான் வழி சொன்னார். மண்டியிலிருந்து மயிரோடு பதம் செய்த ஒரு செம்மறித்தோலைக் கொண்டுவந்து கொடுத்தார். கோயில் தோட்டக்காரர் அதைப் போர்த்திக்கொண்டு புதருக்குள் மண்டியிட்டார். தலையை நான் அட்டையில் செய்து, கழுத்தோடு நாலு தையல் கூடப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். எந்தக் கிடாவின் தோல் அது என்று நான் கேட்கவில்லை. தோட்டக்காரர் நன்றாகவே கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அழவும் இல்லை. பக்கத்துப் பங்குக்காரர்கள் கொஞ்சம் தட்டினார்கள். என் வீட்டுக்காரர் வசனத்தை ஒரு இடத்திலும் விடாமல் சொல்லி முடித்தார்.

அன்றைக்கு அக்காவும் வந்திருந்தாள், பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தோம். அவள் வீட்டு வாசலில் கிடா எழுந்து நின்று உடம்பை உதறியது. ஒரு பக்கக் கொம்பின் கனத்துக்கு அது தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கும். அக்கா குனிந்து, கொம்பு இல்லாத இடத்தைச் சொறிந்துவிட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

“அக்கா, மறைக்காமச் சொல்லு. நாடகம் இந்த வருசம் நல்லாருந்துச்சா, போன வருசமா?”

“போன வருசந்தான்” என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் கை நின்றது. என்னைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள். பிறகு மறுபடி சொறிய ஆரம்பித்தாள்.